கொழுப்புச் சீர்

"என் ரத்தத்தை நாலு சொட்டு விட்டாப் போதும், அல்வாக் கடைச் சட்டி தேய்க்காமலே பளபளன்னு ஆயிரும்!" என்று மார்தட்டுவாள் செண்பகவடிவு. அவள் உடம்பில் நல்ல கொழுப்பு அத்தனை தாராளம். தன் மணிக்கட்டையும் அடுத்தவர் மணிக்கட்டையும் ஒரு குழாயால் இணைத்துவிட்டால், அவர் ரத்தக்குழாயில் படிந்த கெட்ட கொழுப்பையும் அது அள்ளி வந்துவிடும். தெருவே அவளிடம் வரிசையில் நின்றது. தெருநாய்கூட ஒருநாள் முன்னங்காலை நீட்டியதாம்.

வராதவர் மருமகளின் அப்பா பரமகுரு மட்டும்தான். இதயத்தில் அடைப்பு. மகளைப் பார்க்க மூன்றாம் மாடி ஏற முடியாமல் கீழேயே நின்று கையசைத்துவிட்டுப் போவார். மருமகள் கண்ணைத் துடைப்பதைப் பார்த்துப் பொறுக்காமல், செண்பகவடிவு குழாயோடு அவர் வீட்டுக்கே போனாள்.

"பேரப்பிள்ளை பிறக்கிறவரை சம்பந்தி வீட்டுல தண்ணிகூடக் குடிக்கமாட்டேன். உங்க ரத்தத்தையா வாங்குவேன்? அதுவும் இந்த அல்வாச் சட்டிப் புளுகை நம்பி!" என்றார் பரமகுரு.

"நான் எங்க கொடுக்குதேன்? உங்க கொழுப்பை அள்ளிக்கிட்டுல்லா போறேன்! என் ஈரல் அதைப் பாத்துக்கிடும். பொண்ணு வீட்டுச் சீர்னு நினைச்சு அனுப்பி வைங்க."

சீர் என்று கேட்டபிறகு எந்தப் பெண்ணைப் பெற்றவர் மறுப்பார்? முணுமுணுத்தபடி கையை நீட்டினார்.

அடுத்த மாதம் மூன்றாம் மாடிக் கதவு தட்டப்பட்டது. திறந்த மகள், "அப்பா!" என்று கத்தியே விட்டாள். பரமகுருவுக்கு மூச்சுகூட வாங்கவில்லை. செண்பகவடிவு நீட்டிய தண்ணீர்ச் செம்பை மட்டும் கைகூப்பி மறுத்தார்.

"சம்பந்தியம்மா, ஒத்துக்கிடுதேன். சட்டி பளபளன்னுதான் ஆயிருக்கு."