கணவன் புலம்பல்

அடுத்தவன் பெண்சாதிக்காக ஏரம்பர் அழுதுகொண்டிருந்தார். சால்வைத் தலைப்பால் கண்ணைத் துடைப்பதும், பேனையை எடுத்து ஒரு வரி எழுதுவதும், மறுபடி துடைப்பதுமாக இருந்தார்.

கோப்பியோடு கதவோரம் நின்ற பூரணத்துக்கு வயிறு பற்றி எரிந்தது. பெற்ற தாய் செத்தபோதுகூடக் கண் கலங்காத மனுசன் இவர்.

"கோப்பி ஆறுது," என்றாள்.

ஏரம்பர் திடுக்கிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தார். "வைச்சிட்டுப் போ."

செத்தவள் அடுத்த ஒழுங்கை மீனாம்பிகை. அவளும் புருசன் சீவரத்தினமும் ஊரே கண்வைத்த சோடி. அவர் கிணற்றுத் துலா மிதிக்க, அவள் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் திருப்புவாள். அந்த வேலைக்குள்ளும் இரண்டு பேருக்கும் ஓயாத கதையும் சிரிப்பும்தான். அவர்களின் தோட்ட வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பூரணம் எத்தனை நாள் பெருமூச்சு விட்டிருப்பாள்! செருமன் சண்டை தொடங்குவதற்கு முன்பே ஏரம்பருக்குக் கழுத்தை நீட்டியவள் அவள். அன்றிலிருந்து அவர் அவளோடு கதைத்ததெல்லாம் சோறும் கறியும் பற்றித்தான்.

இத்தனைக்கும் ஏரம்பர் பள்ளிக்கூட வாத்தியார் மட்டுமல்ல, ஊருக்குப் புலவரும் அவர்தான். யாராவது செத்தால் கல்வெட்டு என்று பாட்டுக் கட்டி அச்சடித்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வீட்டில் எல்லாருக்கும் கேட்கப் படிக்கவேண்டும். அதில் மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், கணவன் புலம்பல் என்று ஆளுக்கொரு பகுதி இருக்கும். எல்லாருக்குமாக அழுது கொடுக்கிற பொறுப்புப் புலவருடையது.

சீவரத்தினம் கல்வெட்டுக் கேட்டு வந்திருந்தபோது பூரணமும் வீட்டில்தான் நின்றாள். "வாத்தியார், என்ரை மீனாம்பிகை..." என்று தொடங்கிய மனுசனுக்கு அதற்குமேல் நா எழவில்லை. ஒரு விபரமும் சொல்லாமல் விம்மிக்கொண்டே எழுந்து போய்விட்டார்.

அந்தியேட்டியன்று பெண்கள் பக்கத்தில், முன்வரிசையில் பூரணம் இருந்தாள். ஏரம்பர் தொண்டையைச் செருமிக்கொண்டு கணவன் புலம்பலை ராகத்தோடு எடுத்தார்.

"நித்திரையிற் சிரித்தமுகம் நெருப்பினிலே வெந்ததுவோ!
பின்கழுத்தில் மிளகளவாய்ப் பிறந்தமறு வெந்ததுவோ!"

பூரணம் காதைத் தீட்டிக்கொண்டாள். நித்திரையில் சிரித்ததா? அதைப் பக்கத்தில் படுத்தவன் அல்லவா காணவேண்டும்!

தலையைக் குனிந்திருந்த சீவரத்தினம் நிமிர்ந்து புலவரைப் பார்த்து விழித்தார். ஐயோ பாவம், இப்போதுதான் அந்த மனுசனுக்கும் விளங்குகிறது என்று நினைத்தாள் பூரணம். பின்வரிசையில் ஏதோ குசுகுசுப்பு. திரும்பினால், அயல்வீட்டுக் குணலட்சுமி அவளைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். பக்கத்தில் இருந்தவளும் சிரிக்கிறாள்.

ஆக, ஊருக்கே தெரிந்திருக்கிறது! தங்கமான புருசன் ஒருத்தன் இருந்தும் போதாமல், தன்னுடைய மரக்கட்டையையும் அல்லவா அந்தச் சிறுக்கி வளைத்துப் போட்டிருக்கிறாள்! செத்தவள்மேல் கோபப்படக்கூடாது என்பதெல்லாம் பூரணத்துக்கு அப்போது நினைவில்லை. சாப்பாட்டுக்கும் நில்லாமல் விறுவிறென்று வீட்டுக்கு நடந்தாள்.

ஏரம்பர் வந்து சேர்ந்தபோது அவருடைய குடையும் நாலு வேட்டியும் விறாந்தையில் கிடந்தன.

"இது என்ரை சீதன வீடு," என்றாள் பூரணம். "நீங்கள் உங்கடை பிறந்த வீட்டை போங்கோ."

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்?"

"அவள் நித்திரையிலை சிரிக்கிறது உங்களுக்கு என்னெண்டு தெரியும்?"

ஏரம்பர் ஒழுங்கைப் பக்கம் பார்த்தார். "மெல்லக் கதை பூரணம். சனம் போகுது."

"போகட்டும்! இனி என்ன மறைக்கக் கிடக்கு? கட்டின புருசனே காணாத மறுவை நீங்கள் கண்டிருக்கிறியள். அந்த மனுசன் முழிச்ச முழியை நான் பாத்தனான்."

"அவர் ஒரு விபரமும் சொல்லேல்லை. எனக்குத் தெரிஞ்சதை வைச்சுத்தான் எழுதினன்."

"அதைத்தான் கேக்கிறன். உங்களுக்கு என்னெண்டு தெரியும்?"

ஏரம்பர் தூணில் சாய்ந்து நின்றார். "பிழைதான். எழுதக்கூடாததை எழுதிப்போட்டன். எழுதேக்கையே எனக்கு நெஞ்சு பதறினது."

வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டார்! பூரணத்துக்கு இருந்த வேகமெல்லாம் அடங்கியது. அப்படியே நிலைப்படியில் குந்தி, சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

"உங்களுக்கு நான் என்ன குறை விட்டனான்? நான் உங்களைத் தவிர வேறை ஒருத்தரையும் நினைச்சும் பாத்ததில்லையே. என்னட்டை இல்லாத என்னத்தை அவளிட்டைக் கண்டனீங்கள்?"

ஏரம்பர் வேட்டிகளைத் தாண்டி வந்து அவளுக்குப் பின்னால் குந்தினார். அவிழ்ந்து கிடந்த அவளது கொண்டையை மெல்ல ஒருபக்கம் ஒதுக்கினார்.

"உன்ரை பின்கழுத்தை நீ எப்ப பாத்தனி, பூரணம்?"