கணக்கெடுக்க வந்தவள்

ஜெர்மனியிலிருந்து விஸ்கான்சினுக்குக் கப்பலேறி வந்த கொள்ளுத்தாத்தாவின் வம்சத்தைத் தேடிக்கொண்டிருந்தார் எழுபத்தைந்து வயது ஆர்னோ. சர்ச் பதிவேடு முடிந்து, 1950 மக்கள்தொகைக் கணக்கைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"ஹெட்விக் அக்கா, இதக் கேளு. குடும்பத் தலைவர் அப்பா, மனைவி அம்மா, மகள் நீ. ஒரு வயசு நான் மட்டும் பேரனாம். எழுதினவன் போதையில வந்திருப்பான்."

"வந்தது பொம்பளடா. அப்பாவும் அம்மாவும் பால் கறக்கப் போயிருந்தாங்க. நான்தான் பதில் சொன்னேன்."

"நீதான் உளறுனியா? ஞானஸ்நானப் பதிவேட்டுல அப்பா அம்மா பேரு சரியாத்தானே இருக்கு?"

"அது அப்பா சொல்லிப் பாதிரியார் எழுதினது."

ஆர்னோவின் சிரிப்பு நின்றுவிட்டது. ஹெட்விக் பின்னல் ஊசிகளை மடியில் வைத்தார்.

"ஊர்ல யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு அப்பா சத்தியம் வாங்கியிருந்தாரு. அவ வெளியூர்க்காரி. அவகிட்டயாவது நீ எம் புள்ளன்னு சொல்லணும்னு தோணுச்சு."