வேட்பாளரின் முகம்

வெயிலுக்குப் பூசும் கிரீமை இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கினாள்.

முகத்துக்கும் கழுத்துக்கும் அதுதான் அளவு என்று தோல் டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

பிரச்சார வேனின் பக்கக் கண்ணாடியில் குனிந்து பூசினாள். நெற்றி. மூக்கு. கன்னம். காது மடல். அவளுடைய கருத்த தோலில் கிரீம் வெள்ளை வெளேரென்று நின்றது. அழுத்தித் துடைத்தால் குறையும்.

துடைக்கவில்லை.

பிரச்சாரத்தின் முதல் நாளே வெயில் அவள் முகத்தைப் பதம் பார்த்துவிட்டது. ஒரு தெரு முடிவதற்குள் கன்னமெல்லாம் தடித்துச் சிவந்து, தண்ணீர் பட்டாலே எரிந்தது.

"நீ வீட்ல கெட. நான் போய்க் கும்பிட்டுட்டு வாரேன்" என்றான் புருஷன் சுடலைமணி.

கும்பிட்டான். குறை சொல்ல முடியாது, நன்றாகவே கும்பிட்டான். பேரூராட்சியின் நாலாவது வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியதிலிருந்து அவன்தான் ஓடி ஓடி உழைத்தான். மனு அவள் பெயரில். வேனில் நிற்பது அவன். தெருமுனை பேனரில் ஆளுயரத்துக்கு அவன். கீழே ஓரமாக, தீப்பெட்டி அளவுக்கு அவள். அதிலும் பேனர் கடைக்காரர் அவள் முகத்தைக் கம்ப்யூட்டரில் வெளுத்து வைத்திருந்தார். பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது.

அதை ஏனென்று கேட்க ஒரு நாதியில்லை.

வீட்டில் அவள் சும்மா கிடக்கவில்லை. மெடிக்கலில் கொடுத்த கிரீம் கண்ணைக் கரித்தது. அடுத்தது ஒரே பூ வாசனை, பூசிய இடமெல்லாம் அரிப்பு. போதுமடா சாமி என்று திருநெல்வேலிக்கே பஸ் ஏறிவிட்டாள். வாசனை சேர்க்காதது, துத்தநாகம் கலந்தது, அதை மட்டும் வாங்கு என்றார் டாக்டரம்மா. கடையில் நின்று 'சிங்க் ஆக்ஸைடு' என்று எழுத்துக்கூட்டிப் பார்த்துதான் காசைக் கொடுத்தாள். முதலில் காதுக்குப் பின்னால் கொஞ்சம் பூசிப் பொறுத்திருந்தாள்.

எரியவில்லை. தடிக்கவில்லை.

அதைப் பூசிக்கொண்டு போன வாரம் கிளம்பினாள். வாசல் தாண்டும்போது வெட்கம் பிடுங்கித் தின்றது. நாலு பேர் என்ன நினைப்பார்கள்? முந்தானையை எடுத்து, வெள்ளை தெரியாதபடி துடைத்துவிட்டாள். மருந்து முந்தானைக்குப் போய்விட்டது. வெயில் முகத்துக்கு வந்துவிட்டது. மறுபடியும் தடிப்பு, மறுபடியும் வீடு.

இன்று கடைசி நாள். சாயங்காலத்தோடு பிரச்சாரம் ஓய்கிறது.

டீக்கடைப் பக்கம் யாரோ சிரித்தார்கள். "யக்கா, கோயில் கொடைக்கு வேஷங்கட்டிட்டியளா?"

சிரிப்பு பெஞ்சு பெஞ்சாகப் பரவியது.

கூசித்தான் போனாள். பொய் சொல்வானேன்? கை தானாக முந்தானைக்குப் போனது.

சுடலைமணி டீ கிளாஸை வைத்துவிட்டு வேகமாக வந்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினான்.

"என்னட்டி இது, கோலமாவுல விழுந்து எந்திச்சவ மாதிரி? தொடச்சிட்டு வீட்டுக்குப் போ. ஓட்டுப் போடுறவனுக்கு என் மொகம் தெரிஞ்சா போதும்."

முந்தானையை விட்டுவிட்டாள்.

அவன் கெட்டவனில்லை. அவளுக்குக் காய்ச்சலென்றால் கஞ்சி வைத்துக் கொடுப்பவன்தான். ஆனால் இந்தப் பேச்சு அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. பத்து வருஷமாகத் தண்ணீர் வராத குழாயடியில் குடத்தோடு சண்டை போட்டவள் அவள். பேரூராட்சி வாசலில் குடத்தோடு உட்கார்ந்தவளும் அவள். அப்போதெல்லாம் இந்த முகம் ஊருக்குத் தெரிந்துதானே இருந்தது!

ட்யூபைத் திறந்தாள். இன்னும் கொஞ்சம் பிதுக்கினாள். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, டீக்கடை பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஏற்கெனவே வெள்ளையாயிருந்த கன்னத்தில் இன்னொரு தரம் பூசினாள். சாவகாசமாகப் பூசினாள்.

துண்டு நீட்டியபடியே இருந்தது.

வேனில் ஏறினாள்.

முன்பக்கம் கம்பியைப் பிடித்து நிற்க ஒரு ஆளுக்குத்தான் இடம். இத்தனை நாளும் அவன் நின்ற இடம். அங்கே போய் நின்றாள். உச்சி வெயில் நேராக முகத்தில் இறங்கியது. மைக்கை எடுத்தாள்.

"சீப்பு சின்னத்துல நிக்கிற பேச்சிக்கனி நாந்தான். எனக்கு வெயில் ஒத்துக்காது, மருந்து பூசியிருக்கேன். சிரிக்கிறவங்க சிரிச்சுக்கிடுங்க. ஆனா, மொகத்தை நல்லாப் பாத்துக்கிடுங்க."

ஒருவன் இன்னும் சிரித்தான். பக்கத்திலிருந்தவர்கள் சிரிக்கவில்லை. மருந்துக்கடைப் படியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் வெயிலுக்குக் கையை மறைப்பாக வைத்து அவளை அண்ணாந்து பார்த்தாள்.

"அண்ணே, போலாமா?" என்றார் டிரைவர், பழக்கத்தில்.

சுடலைமணி கீழே, ரோட்டில், துண்டோடு நின்றான். ஏறுவதா, நடப்பதா என்று அவனுக்கே தெரியவில்லை.

டிரைவர் அவனைப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, மேலே பார்த்தார்.

"எந்தத் தெருவுக்குக்கா?"

அந்த வார்டில் மொத்தம் ஏழு தெரு. முதல் ஆறு தெருவிலும் வேப்பமர நிழல் உண்டு.

அவள் ஏழாவதைச் சொன்னாள்.