ஒரு பீடித் துண்டு

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் வார்டுக்குள் நுழைவதைப் பார்த்ததும், வண்டி நிறுத்தக் காவலாளி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கட்டுப் போட்ட இரண்டு கைகளும் தலையணை மேல் கிடந்தன.

"தூங்குற மாதிரி நடிக்காதீங்க. நீங்க காப்பாத்துன பாப்பாவும் அவ அம்மாவும் வந்திருக்காங்க," என்றாள் மனைவி. "வாம்மா, உக்காரு."

அந்தப் பெண் உட்காரவில்லை. கட்டிலின் கால்மாட்டிலேயே நின்றாள்.

"எனக்கு நன்றியெல்லாம் வேணாம்மா," என்றார் அவர், சுவரைப் பார்த்தபடியே. "செடிக் கண்காட்சிக்கு வந்த ஒவ்வொரு வண்டிக்கும் குனிஞ்சு குனிஞ்சு சொன்னேன். புல்லு காஞ்சு கெடக்கு, நிறுத்தினதும் இன்ஜினை அணைச்சிடுங்க, அடியில புகைக்குழாய் அடுப்பு மாதிரி கொதிக்கும்னு. ஊருக்கெல்லாம் சொல்லிட்டு, நானே வரிசைக்குப் பின்னால போய் ஒரு பீடி புடிச்சேன்."

"இருபது வருஷமா விடச் சொல்றேன். இப்பதான் புடிக்கக் கை இல்ல," என்ற மனைவி, சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"துண்டை மிதிச்ச ஞாபகம். சரியா அணையல போல. காத்துல உருண்டு உங்க வண்டிக்கு அடியில போயிருக்கு. அங்கதான் முதல்ல பத்துச்சு. ஒன்பது வண்டி சாம்பல். ஒலிபெருக்கிச் சத்தத்துல எதுவும் காதுல விழல. பின் சீட்டுல சின்னதா ஒரு சாக்ஸ் தெரிஞ்சுது. ஓடிப்போய்க் கண்ணாடியை உடைச்சேன்."

குழந்தை அவர் கட்டுகளைத் தொடக் கை நீட்டியது. அந்தப் பெண் அதன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள்.

"மேல உச்சி வெயிலு, கீழ தீ. தூக்கினா பாப்பா கன்னம் மட்டும் ஐஸ் மாதிரி சில்லுன்னு இருக்கு. அந்தக் கடவுள் செஞ்ச வேலைம்மா அது. நான் செஞ்ச வேலை பீடிதான். நாலு மணிக்குத் தீயணைப்பு அதிகாரி வர்றார். எழுதிக் குடுத்துடறேன். ஜெயில்னாலும் சரி."

"கையெழுத்துப் போடக் கை எங்க இருக்கு?" என்றாள் மனைவி.

"கால் கட்டைவிரலை உருட்டுறேன்."

சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்றே முக்கால். அந்தப் பெண் அதைப் பார்த்தாள்.

"எழுதிக் குடுக்காதீங்கண்ணே."

அவர் முதல் முறையாகத் திரும்பினார். "பெத்தவ நீங்களே மன்னிச்சாலும், என் மனசு கேக்காதும்மா."

"மன்னிக்க நான் யாருண்ணே?" குழந்தையை அவர் பக்கத்தில் கட்டிலில் உட்கார வைத்தாள். சும்மா இருந்த கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் புடவையைப் பிசைந்தாள். "அப்பதான் தூங்கியிருந்தா. அஞ்சு நிமிஷத்துல வந்துடலாம்னுதான் போனேன். அரை மணி நேரம் ஆயிடுச்சு."

"அதனால என்னம்மா?"

அவள் தலை நிமிரவில்லை.

"பாப்பாவுக்கு ஏசி ஓடட்டும்னு, இன்ஜினை அணைக்காமத்தான் போனேன்."