இகானாவின் நடுக்கம்

கை நடுங்கத் தொடங்கிய பிறகுதான் இகானாவைக் கொழுந்தன் தாகோ மறுபடியும் "அண்ணி" என்று கூப்பிட்டான்.

அதுவரை சூனியக்காரி. பழைய வழக்கப்படி அவளோடு இழவு வீட்டில் உட்கார்ந்து, இறந்தவர் உடலைப் பகிர்ந்து உண்ட பெண்கள் எல்லாரும் கூரு என்ற நடுக்க நோய் வந்து செத்தார்கள். இவள் மட்டும் கல்லுமாதிரி இருந்தால் ஊர் சும்மா விடுமா? "ஊரைவிட்டு ஓடு, இல்லன்னா இதுதான்" என்று தாகோ அவள் வாசற்காலில் கோடரியைக் கொத்திவிட்டுப் போயிருந்தான்.

இன்று அவனே கோடரியைப் பிடுங்கிக் கீழே போட்டான். சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கை உரித்து ஊட்டினான்.

"தப்பா நெனச்சுட்டேன் அண்ணி. சூனியம் வெச்சவளுக்கே கூரு வருமா?"

அப்போது மருத்துவ உதவியாளர் ஜோசாயா மூச்சிரைக்க மேடேறி வந்தார். பின்னாலேயே ஊரும் வந்தது.

"அக்கா, உங்க ரத்தத்தைச் சோதிக்க அனுப்பினோமே, நல்ல சேதி! பொறப்புலயே உங்க ரத்தத்துல ஒரு காப்பு இருக்காம். எத்தனை இழவுல சாப்பிட்டிருந்தாலும் உங்களுக்குக் கூரு வராது. சாகுற வரைக்கும் வராது!"

ஊட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"அப்ப இந்த நடுக்கம்?" என்றான் தாகோ.

தாகோ எழுந்து வாசலுக்குப் போய்க் குனிந்தான்.

இகானா தன் கைகளைப் பார்த்தாள். செத்துப்போன தோழிகள் நடுங்கியதை நினைத்து நினைத்து, அவர்களைப் போலவே இத்தனை நாளும் அவள் ஆட்டிக்கொண்டிருந்த கைகள், முதல்முறையாகத் தாமாகவே நடுங்கின.