ஆமைக்கு விழுந்த இன்னொரு ஓட்டு

அந்தக் குளத்துக்கு மூன்று தலைமுறையாக எருமை வீட்டார்தான் தலைவர். எதிர்த்து நிற்பதற்கு ஓர் ஆமையை விட்டால் நாதியில்லை. அது நின்ற ஐந்து தேர்தலிலும் ஆமைக்கு விழுந்தது தலா இரண்டே ஓட்டு. ஒன்று அது போட்டது. இன்னொன்றைப் போட்ட புண்ணியவான் யாரென்று தெரியாததால், கரையில் கண்ட தவளைக்கெல்லாம் தலையைத் தாழ்த்திக் கும்பிடு போட்டுப் போட்டுக் கழுத்தே வலித்துப்போயிற்று. அந்த ஓர் ஓட்டுக்காகத்தான் ஒவ்வொரு முறையும் நின்றது.

ஆறாவது முறை அலுத்துவிட்டது. பழக்கதோஷத்தில் மனுப் போட்டுவிட்டு, அதை வாபஸ் வாங்கக் கிளம்பியது. கேள்விப்பட்ட எருமைத் தலைவர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"என்னவே இப்படிப் பண்ணுதீரு? நீர் நிக்கலன்னா நான் அன்னபோஸ்ட்டுல்லா? போட்டியே இல்லாம ஜெயிச்சவனுக்கு எவன்வே மேளம் அடிப்பான்?"

"முடியல அண்ணாச்சி. ஓடாத் தேஞ்சுபோயிட்டேன்."

"மனசு விட்டுராதேயும். அஞ்சு தடவையும் உமக்கு அந்த இன்னொரு ஓட்டப் போட்டதே நான்தான்வே! இந்தத் தடவை என் சம்சாரத்தையும் போடச் சொல்லுதேன்."

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. மாட்டேன் என்று சொல்லக்கூடத் தெம்பில்லை. வாபஸ் வாங்கும் நேரம் அப்படியே கடந்துபோயிற்று.

எண்ணிப் பார்த்தபோது நாலு ஓட்டு. தன்னுடையது, அண்ணாச்சியுடையது, அண்ணாச்சி சம்சாரத்துடையது. நாலாவது?

ஆமை பெருமூச்சு விட்டது. வலிக்கிற கழுத்தை மறுபடியும் வெளியே நீட்டி, எதிரே வந்த முதல் தவளைக்குக் கும்பிடு போட்டது.