இடது கையின் பிடி

விபத்தில் டாக்சி டிரைவரின் இடது கை செயலிழந்துவிட்டது. அப்போது பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்திருந்த அவருடைய மனைவி பிழைக்கவில்லை. வாராவாரம் அவருடைய தங்கைதான் அவரை என்னிடம் பிசியோதெரபி பயிற்சிக்கு அழைத்துவருவாள். இன்றும் பிடியின் பலத்தை அளக்கும் கருவியை அந்தக் கையில் வைத்தேன்.

“அழுத்துங்கண்ணே.”

எப்போதும் பூஜ்யத்திலேயே கிடக்கும் முள் விறுவிறுவென்று ஏறி இருபது கிலோவில் நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

“அசத்திட்டீங்க! போதும், விடுங்க.”

முள் இறங்கவில்லை.

“நான் பிடிக்கவே இல்லையேம்மா,” என்றார். விரல்கள் தொளதொளவென்று விரிந்துதான் கிடந்தன.

கைப்பையில் சாவியைத் தேடிக்கொண்டிருந்த தங்கை நிமிரவே இல்லை.

“வீட்லயும் இதே கூத்துதான். அண்ணி, போதும், விடுங்க.”

முள் மனசே இல்லாமல் பூஜ்யத்துக்கு இறங்கியது.